பனிநாட்டுப் பண்ணையும் அண்டை வீட்டாரும்

இன்ஷ்யூரன்ஸ் என்றதும் பட்டணத்துக் கம்பெனியும், முத்திரையிட்ட பாலிஸியும், தவணை தவறாமல் வாசலில் வந்து நிற்கும் ஏஜெண்டுமே நம் நினைவுக்கு வருவது வழக்கம். இவற்றில் ஒன்றேனும் இல்லாமல், பூகோளப் படத்தின் வடகோடியிலுள்ள ஒரு தேசத்தார் சுமார் எண்ணூறு வருஷங்களுக்கு முன்பே தங்கள் பண்ணைகளைக் காத்துக்கொண்ட விதம் அறியத்தக்கது.

அத்தேசம் ஐஸ்லாந்து. அக்காலத்தில் அங்கே நகரம் என்பதே கிடையாது. பண்ணைகள் ஒன்றுக்கொன்று எட்டத்தில் தனித்தனியே கிடந்தன. 1262-ம் வருஷம் வரையில் அரசனும் இல்லை. குளிர்காலம் முழுவதும் மாடுகளைக் கொட்டிலில் அடைத்து, கோடையில் அறுத்து உலர்த்திய புல்லைப் போட்டே பிழைக்க வைக்க வேண்டும். அங்கே பனிக்காலத்தில் வீடு தீப்பற்றினாலும், நோய் கண்டு மாடுகள் மடிந்தாலும் குடும்பத்தின் கதி என்ன?

இதற்காகவே இருபது குடியானவர்களுக்குக் குறையாமல் சேர்ந்த 'ஹ்ரெப்பர்' என்னும் ஊர்ச் சமூகங்கள் அமைந்திருந்தன. அவற்றின் விதிகள் 'கிராகாஸ்' என்ற பழைய சட்டத் தொகுப்பில் காணப்படுகின்றன. ஒருவனது மாடுகளில் காற்பங்கோ அதற்கு மேலோ நோயினால் இறந்தால், நஷ்டத்தில் பாதியை மற்றவர்கள் ஈடு செய்ய வேண்டும். தீ விபத்திலோ, வசிக்கும் அறை, சமையலறை, உணவுப் பண்டம் வைக்கும் அறை ஆகிய மூன்றுக்கே ஈடு உண்டு. அண்டை வீட்டாரே வந்து நஷ்டத்தை மதிப்பிடுவார்கள். எவனும் தன் உடைமையில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்குக்கு மேல் கொடுக்க வேண்டியதில்லை. ஒரே மனிதனுக்கு மூன்று முறைக்கு மேல் ஈடு செய்யும் கடமையும் இல்லை.

இவ்வரம்புகளைக் கருமித்தனம் என்று எண்ணலாகாது. பாதி நஷ்டம் தன்னைச் சேர்ந்ததாகையால், உடையவன் அடுப்பு நெருப்பை அணைத்துவிட்டே உறங்குவான். கொடுப்பவனுக்கும் அளவு உண்டாகையால், ஒரு வீட்டின் துன்பம் ஊரையே ஓட்டாண்டியாக்காது. எல்லாவற்றிலும் மேலாக, பெற்றுக்கொள்பவன் அதைப் பிச்சையாகப் பெறவில்லை, உரிமையாகப் பெற்றான். நேற்று அவன் பிறருக்குக் கொடுத்தவன். நாளையும் கொடுக்கப் போகிறவன்.

1973-ல் ஹெய்மாயே தீவில் எரிமலை வெடித்து வீடுகள் பல புதையுண்டன. அதன் பின்னர், 1975-ல், அத்தேசத்தார் இயற்கை விபத்துக்களுக்கென்று தனி இன்ஷ்யூரன்ஸ் ஸ்தாபனம் நிறுவினார்கள். கட்டடங்களுக்குக் கட்டாயமான தீ இன்ஷ்யூரன்ஸுடன் சிறு தொகை சேர்த்து வசூலிக்கப்படுகிறது. எரிமலையின் அருகே இருப்பவனுக்காகத் தூரத்தில் இருப்பவனும் கொடுக்கிறான். பெயரும் கணக்கு முறையும் மாறியிருக்கலாம். பழைய ஊர்ச் சமூகத்தின் நியாயம் இன்றும் மாறவில்லை.