வாயில் அறிந்து வழி தேர்வோம்

நுழையும்முன்

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியான சில நாள்களுக்குள் நம் மாணவர்கள் மேல்நிலைப் பாடப்பிரிவைத் தேர்ந்தெடுக்கின்றனர். அத்தேர்வு உயர்கல்வியின் சில வாயில்களைத் திறக்கிறது, சிலவற்றை மூடுகிறது. எவை திறக்கும், எவை மூடும் என்பதை அறியாமலே பலர் அம்முடிவை எடுக்கின்றனர். அது குறித்த கருத்துரையே இப்பாடம்.

இரு மாணவர்கள்

பல்லாண்டுகளுக்கு முன்பு என்னிடம் பயின்ற மாணவி ஒருத்தி வரலாற்றுப் பாடத்தில் தோய்ந்தவள். பத்தாம் வகுப்பில் பள்ளியில் இரண்டாமிடம் பெற்றாள். 'இவ்வளவு மதிப்பெண் பெற்றுவிட்டுக் கலைப்பிரிவா?' என்று உறவினர் நகைக்கவே, கணிதம், உயிரியல் அடங்கிய பிரிவில் சேர்க்கப்பட்டாள். ஈராண்டும் அவள் இயற்பியல் கணக்குகளோடு போராடினாள். அதைவிட, வகுப்பில் வினா எழுப்புவதையே அவள் நிறுத்திவிட்டதுதான் எனக்கு வருத்தம் அளித்தது.

அதே ஆண்டில் மாணவன் ஒருவன், தன் நண்பன் சேர்ந்தான் என்பதற்காகவே வணிகவியல் பிரிவில் சேர்ந்தான். நோயுற்ற பாட்டியைப் பேணிவந்த அவனுக்குச் செவிலியராகும் விருப்பம் பின்னர்ப் பிறந்தது. செவிலியர் பட்டப்படிப்புக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் பயின்றிருத்தல் வேண்டும் என்பதை விண்ணப்பிக்கச் சென்ற நாளில்தான் அறிந்தான்.

ஒருத்தியை மதிப்பெண் தள்ளிற்று; ஒருவனை நட்பு இழுத்தது. 'நீ எதை விரும்பிக் கற்கிறாய்? அதற்கு எவ்வாயில் திறந்திருக்கிறது?' என்னும் இரு வினாக்களை அவ்விருவரிடமும் எவரும் கேட்கவில்லை. ஆசிரியனாகிய நானும் கேட்கவில்லை.

எண்வரிசை மதிப்பு வரிசையன்று

தமிழ்நாட்டில் 1978ஆம் ஆண்டு மேல்நிலைக் கல்வி தொடங்கப்பெற்றது. அதற்கு முன்பு பள்ளியிறுதி வகுப்பை முடித்தோர் கல்லூரியில் புகுமுக வகுப்புப் பயின்றனர். கல்லூரி வாயிலில் நிகழ்ந்த தேர்வு பள்ளி வாயிலுக்கு வந்தது. அதனோடு ஒரு தவறான எண்ணமும் வளர்ந்தது. 'முதல் குரூப்' அறிவாளிகளுக்கு, 'மூன்றாம் குரூப்' மற்றவர்க்கு, தொழிற்கல்விப் பிரிவு கடைசியாக எஞ்சியோர்க்கு என்று மக்கள் பேசத் தொடங்கினர். ஆனால், 1964-66ஆம் ஆண்டுகளில் செயல்பட்ட கோத்தாரி கல்விக்குழு மேல்நிலைக் கட்டத்தில் தொழிற்கல்விக்குச் சிறப்பிடம் தர வேண்டுமென்றே பரிந்துரைத்தது. எண்வரிசையை மதிப்பு வரிசையாகக் கொண்டது நம் பிழை.

மொத்த மதிப்பெண்ணைக் கொண்டே பிரிவை ஒதுக்குவது நேர்மையான முறை என்பர் சிலர். கணிதப் பிரிவுக்குக் கணித மதிப்பெண்ணைப் பார்ப்பதில் நியாயம் உண்டு. ஆயினும், சமூக அறிவியலில் சிறந்து மொத்த மதிப்பெண்ணை உயர்த்திக்கொண்ட ஒருவரை, அம்மதிப்பெண்ணைக் காட்டியே சமூக அறிவியலிலிருந்து விலக்குவது எவ்வகை நியாயம்?

விருப்பம் மட்டும் போதுமா?

அதற்காக, விருப்பம் ஒன்றே போதும் என்று கூறுவதும் பொறுப்பற்ற அறிவுரையாகும். வாயில்களின் அளவு வேறுபடுகிறது. கணிதத்தை விட்டவர்க்குப் பொறியியல் வாயில் பெரும்பாலும் மூடிவிடும். அறிவியலை விட்டவர்க்கு மருத்துவம் சார்ந்த பட்டப்படிப்புகள் தொலைவாகும். எனவே, விரும்புவதைத் தேர்வதற்கு முன் இழப்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

சில வாயில்கள் நாம் அஞ்சுவதுபோல் மூடியிருப்பதும் இல்லை. தமிழ்நாட்டில் பொறியியல் சேர்க்கைத் தரவரிசைக்குக் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என 200 மதிப்பெண்கள் கணக்கிடப்படுகின்றன. நான்காம் பாடம் இக்கணக்கில் இடம்பெறுவதில்லை. ஆகவே, கணிதத்துடன் உயிரியல் பயின்றவரும் கணினிப் பொறியியலில் சேரலாம். இவ்வொரு செய்தியை அறியாததால், செடிகொடிகளை நேசித்த எத்தனையோ பேர் உயிரியலைக் கைவிட்டுள்ளனர்.

தெரிந்து தெளிவோம்

ஐந்தாண்டுச் சட்டப்படிப்பில் எப்பிரிவில் பயின்றவரும் சேரலாம். பட்டயக் கணக்கர் படிப்பின் முதல்நிலைத் தேர்வைப் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த எப்பிரிவினரும் எழுதலாம். இந்தியக் குடிமைப்பணித் தேர்வுக்கு ஏதேனும் ஒரு பட்டம் போதுமானது. மருத்துவச் சேர்க்கைக்கான நீட் தேர்வில் இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகியவற்றிலிருந்து வினாக்கள் கேட்கப்படுகின்றன.

யார் கடமை?

சிற்றூர்ப் பள்ளிகள் பலவற்றில் இரண்டு மூன்று பிரிவுகளே உள்ளன. விரும்பிய பிரிவுக்காகப் பதினைந்து கிலோமீட்டர் பேருந்தில் செல்ல எல்லா வீட்டிலும் இசைவு கிடைப்பதில்லை. மகள் என்றால் தயக்கம் இரட்டிப்பாகிறது. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குச் செல்வோர்க்கு வழிசொல்ல வீட்டில் ஆளில்லை. அவர்களுக்குப் பள்ளியே வீடு. ஆதலால், விண்ணப்பப் படிவத்தை நீட்டுவதற்கு முன், ஒவ்வொரு மாணவரோடும் பெற்றோரோடும் அரைமணி நேரமாவது அமர்ந்து பேசுவதைப் பள்ளிகள் தம் கடமையாகக் கொள்ளல் வேண்டும். 2022ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டம் உயர்கல்வி வழிகாட்டலை முன்னெடுத்தது. எனினும், மாணவரின் முகமறிந்த ஆசிரியரின் சொல்லுக்கு எத்திட்டமும் ஈடாகாது.

மாணவர்களே! நீங்கள் ஏற்கெனவே ஒரு பிரிவில் அமர்ந்திருக்கிறீர்கள். அது பொருந்தவில்லை எனில், கல்வியாண்டின் தொடக்கத்திலேயே ஆசிரியரிடமும் தலைமையாசிரியரிடமும் தயங்காமல் பேசுங்கள். பொருந்துகிறது எனில், அது எவ்வாயில்களுக்கு இட்டுச்செல்லும் என்பதை இன்றே கேட்டறியுங்கள். மாற இயலாத நிலையிலும் எல்லா வழியும் அடைபடுவதில்லை. நான் குறிப்பிட்ட அம்மாணவி பின்னர் வரலாற்றிலேயே பட்டம் பெற்றாள். வழி கிடைத்தது, ஆயினும், ஈராண்டு மகிழ்ச்சியை அவள் விலையாகக் கொடுத்தாள். அவ்விலையை நீங்கள் கொடுக்க வேண்டியதில்லை.

கற்பவை கற்றபின்

1. நீங்கள் பயிலும் பாடப்பிரிவை முடித்தவர்கள் சேரத்தக்க பட்டப்படிப்புகள் ஐந்தினையும் அவற்றிற்குரிய தகுதிகளையும் ஆசிரியர் துணையுடன் தொகுத்து எழுதுக.
2. 'மொத்த மதிப்பெண்ணைக் கொண்டு பாடப்பிரிவை ஒதுக்குதல் சரியே' என்னும் கருத்தை ஏற்றும் மறுத்தும் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.