கருவி பொருத்தினால் மட்டும் போதுமா?



காது கேளாத குழந்தைக்கு அறுவை சிகிச்சை மூலம் காக்ளியர் இம்பிளான்ட் என்ற கேட்புக் கருவியைப் பொருத்தியதுமே குழந்தை பேசிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். ஆனால், அறுவை சிகிச்சைக் காயம் ஆறிய பிறகே கருவியை இயக்குவார்கள். உட்காதில் சுமார் 3,500 உள் மயிர்ச்செல்கள் பார்க்கும் வேலையைச் கருவியின் சில மின்முனைகளே பார்ப்பதால், அந்தப் புது ஒலிக்கு மூளை பழக மாதக்கணக்கில் ஆகும். கருவியின் ஒலி அளவைக் குழந்தைக்கேற்பச் சரிசெய்யும் மேப்பிங்கும் கேட்புப் பயிற்சியும் தொடர வேண்டும். வீட்டிலும் பிள்ளையிடம் ஓயாமல் பேச வேண்டும். என் மகளிடம் இதைக் கண்கூடாகக் காண்கிறேன்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இந்தச் சிகிச்சை கிடைப்பது பெரும் உதவி. ஆனால், பின்னாளில் கருவியின் வெளிப்பகுதியில் ஒரு கேபிள் பழுதானாலும் பிள்ளைக்கு எதுவும் கேட்காது. கேபிள், காயில், பேட்டரியை அரசு மானிய விலையில் தர வேண்டும். வட்டம்தோறும் பயிற்சி மையம் திறக்க வேண்டும்.

– ஒரு தாய், தேனி