அகீக் மோதிரமும் பிள்ளையின் கூழாங்கல்லும்



ஜும்ஆ முடிந்து வெளியே வருகிறோம். பள்ளிவாசலின் எதிரே விரிப்பைப் பரப்பி, அத்தர், தஸ்பீஹ், தொப்பி ஆகியவற்றோடு மோதிரக் கற்களையும் ஒருவர் விற்கிறார். சிவப்பு அகீக் கடனைத் தீர்க்குமாம். பச்சை அகீக் கண்ணேற்றைக் கழிக்குமாம். கறுப்பு அகீக் பகைவரின் வாயைக் கட்டுமாம். நம்மில் பலர் நின்று கேட்கிறோம், சிலர் வாங்கியும் விடுகிறோம். அதே வீட்டுப் பிள்ளை ஆற்றங்கரையில் பொறுக்கிய வண்ணக் கூழாங்கற்களைப் பிஸ்கட் டப்பாவில் சேர்த்து வைத்தால், "வேறு வேலை இல்லையா?" என்று வாப்பா அதட்டுகிறார், உம்மா டப்பாவைக் குப்பையில் கொட்டுகிறார். ஈமானுக்கு ஊறு செய்யும் கல்லுக்குப் பணம் கொடுக்கிறோம்; ஊறு செய்யாத கல்லை வீண் என்கிறோம். இந்தத் தலைகீழ் நிலையைத்தான் இங்கே எதிர்க்கிறோம்.

அகீக் என்பது என்ன? ஆங்கிலத்தில் அகேட் என்று சொல்லப்படும் கல்லும், நம் தொல்லியலாளர்கள் சூதுபவளம் என்று எழுதும் செந்நிறக் கல்லும் சால்செடனி எனும் ஒரே குடும்பத்தவை. அடிப்படையில் சிலிக்கா; கடற்கரை மணலில் கிடக்கும் அதே பொருள். எரிமலைக் குழம்பு குளிர்ந்து இறுகும்போது உள்ளே வாயுக் குமிழிகள் வெற்றிடங்களாக நின்றுவிடுகின்றன. சிலிக்கா கரைந்த நீர் அவற்றுள் கசிந்து, படலம் படலமாகப் படிந்து, கோடு கோடான கல்லாகிறது. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பொங்கிப் பரவிய தக்காணத்து எரிமலைப் பாறைகளே இந்தியாவில் இக்கல்லின் பெரும் தாய்வீடு. குஜராத்தின் ரத்தன்பூரில் இன்றும் தோண்டுகிறார்கள். கொடுமணலில் கிடைத்த சூதுபவள மணிகளின் மூலக்கல்லும் குஜராத்திலிருந்தே வந்திருக்கும் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து.

ஃபாத்திர் அத்தியாயத்தின் 27ஆம் வசனம் மலைகளில் ஓடும் வெண்மை, செம்மை, கருமைக் கோடுகளை நோக்கி நம் பார்வையைத் திருப்புகிறது. அடுத்த வசனமே, அல்லாஹ்வை உள்ளபடி அஞ்சுவோர் அறிவுடையோர்தாம் என்கிறது. கல்லின் கோட்டைப் பார்த்துப் படைத்தவனை எண்ணும் பிள்ளை இவ்வசனங்களுக்கு அருகில் இருக்கிறானா, கல்லிடம் கடன் தீர்க்கக் கேட்கும் பெரியவர் அருகில் இருக்கிறாரா?

மோதிரம் அணிவதையே நாம் எதிர்க்கவில்லை. நபி (ஸல்) அவர்கள் வெள்ளி மோதிரம் அணிந்ததும், அபிசீனியக் கல் பதித்த மோதிரம் இருந்ததும் ஸஹீஹான அறிவிப்புகளில் உள்ளவை. ஆனால் அகீக் அணிந்தால் வறுமை நீங்கும், பரக்கத் பெருகும் என்று சுற்றி வரும் செய்திகளை ஹதீஸ் கலை வல்லுநர்கள் ஏற்கவில்லை. இமாம் இப்னுல் ஜவ்ஸி அவற்றை இட்டுக்கட்டப்பட்டவற்றின் வரிசையிலேயே வைத்தார். கஃபாவின் ஹஜருல் அஸ்வதையே முன்னே வைத்துக்கொண்டு, இது நன்மையோ தீமையோ செய்ய இயலாத கல் என்று தாம் அறிவதாகவும், நபியவர்கள் முத்தமிட்டதைக் கண்டதனாலேயே முத்தமிடுவதாகவும் உமர் (ரலி) அவர்கள் அறிவித்தார்கள். அந்தக் கல்லுக்கே அந்த நிலை எனில், சந்தையில் வாங்கிய கல்லுக்கு என்ன நிலை?

அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. விரிப்பில் பளபளக்கும் அடர்நீலம், இளஞ்சிவப்பு, கிளிப்பச்சைக் கற்களில் பெரும்பாலானவை சாயம் ஏற்றப்பட்டவை. ஜெர்மனியின் இடார்-ஓபர்ஸ்டைன் நகரத்துக் கைவினைஞர்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே இக்கலையைத் தேர்ந்தனர். கல்லைச் சர்க்கரைக் கரைசலில் ஊறவைத்து, பின்னர் கந்தக அமிலத்தில் இட்டால் உள்ளே புகுந்த சர்க்கரை கரியாகிக் கல் கறுத்துவிடும். பகைவரின் வாயைக் கட்டும் கறுப்பின் இரகசியம் பெரும்பாலும் இதுதான்! உத்தரப் பிரதேசத்தின் பாந்தா நகரில், கேன் ஆற்றில் கிடைக்கும் ஷஜர் கல்லுக்குள் மரம் செடி போன்ற ஓவியங்கள் தெரியும். மாங்கனீசு, இரும்பு ஆக்சைடுகள் கிளைத்துப் படிந்ததால் வந்த அழகு அது. இத்தகைய கல்லில் ஏதோ ஒரு கோடு எழுத்தாகத் தெரிந்துவிட்டால் அதைக் கராமத்தாக்கி விலையைப் பன்மடங்கு ஏற்றுவோரும் நம்மிடையே இருக்கிறார்கள்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அல்-பீரூனி இவர்களைப் போல் ஏமாறவில்லை. மரகதத்தைக் கண்டால் பாம்பின் கண் போய்விடும் என்று அக்காலத்தார் நம்பினர். அவர் பாம்புக்கு மரகத மாலையையே அணிவித்து, மாதக் கணக்கில் சோதித்து, ஒன்றும் நேரவில்லை என்று தம் அல்-ஜமாஹிர் நூலில் பதிவு செய்தார். கற்களின் அடர்த்தியையும் அளந்தார். அந்த மரபு நம்முடையது. நாமோ பாம்பின் கண்ணை நம்பிய கூட்டத்தின் பக்கம் போய் நிற்கிறோம்.

இது வெறும் வாதப் பொருளன்று. எங்கள் குடும்பத்துப் பெரியவர் ஒருவர், அகீக் மோதிரம் அணிந்த துணிவில் சர்க்கரை நோய் மாத்திரையைத் தாமாகவே நிறுத்தினார். கால் விரல் ஒன்றை எடுக்க வேண்டியதாயிற்று. கை விரலில் மோதிரம் அப்படியே இருந்தது.

இனிப் பிள்ளையின் கல்லுக்கு வருவோம். கூழாங்கல்லை மெருகேற்றச் சுழல் உருளை ஒன்று போதும். உருளையில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கல், அது மூழ்கும் அளவுக்குத் தண்ணீர், சிலிக்கன் கார்பைடுப் பொடி. முதலில் கரடான பொடி, பிறகு நடுத்தரம், பிறகு நுண்மை, இறுதியில் அலுமினியம் ஆக்சைடு போன்ற மெருகுப்பொடி. ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ ஒரு வாரம். ஆக ஒரு மாதம். படிகள் மாறும்போது கல்லையும் உருளையையும் சுத்தமாகக் கழுவாவிட்டால், ஒட்டியிருந்த ஒரு கரட்டுத் துகள் மொத்தப் பணியையும் கீறிக் கெடுத்துவிடும். மென்மையான கல்லையும் கடினமான அகீக்கையும் சேர்த்துப் போடவும் கூடாது. விரல் நுனியில் உலகைத் தேய்க்கும் பிள்ளைக்கு ஒரு மாதம் காத்திருக்கக் கற்றுத் தரும் பொழுதுபோக்குகள் எத்தனை உள்ளன?

இதிலும் இஸ்ராஃப் புகக்கூடும் என்பதை மறுக்கவில்லை. விலையுயர்ந்த கற்களை வாங்கிக் குவிப்பதும், கல்லின் நினைப்பில் தொழுகையைத் தவறவிடுவதும் நம் பேச்சுக்கு வெளியே. இரவு பகலாகக் கடகடக்கும் உருளையை அடுத்த வீட்டுச் சுவரை ஒட்டி வைப்பது அண்டை வீட்டாரின் உரிமையில் கை வைப்பது. இதையும் பிள்ளைக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஆனால் இவை எல்லாவற்றையும்விடக் கனமான ஒன்று உண்டு. குஜராத்தின் கம்பாத் நகரில் தலைமுறை தலைமுறையாக அகீக் பட்டை தீட்டுகிறார்கள். சுழலும் சாணைச் சக்கரத்தில் கல்லைப் பிடிக்கும்போது எழும் நுண்ணிய சிலிக்காத் தூசு மூச்சோடு நுரையீரலில் இறங்கித் தழும்பாகிறது. சிலிக்கோசிஸ் எனும் இந்நோயைக் குணப்படுத்தும் மருந்து இல்லை. காசநோயும் எளிதில் தொற்றிக்கொள்கிறது. பலர் வீட்டிலேயே தொழில் செய்வதால் மனைவி மக்களும் அதே தூசைச் சுவாசிக்கிறார்கள். அகமதாபாதில் உள்ள தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனம் இத்தொழிலாளர்களை ஆராய்ந்துள்ளது. அகீக்கில் ஷிஃபா இருக்குமானால், வாழ்நாள் முழுவதும் அதைக் கையில் ஏந்தியவர்களுக்கன்றோ அது முதலில் கிடைத்திருக்க வேண்டும்?

ஆகவே அடுத்த ஜும்ஆவில் விற்பவரிடம் இந்தக் கல் எதைத் தீர்க்கும் என்று கேட்பதை விடுத்து, இதைத் தீட்டியவர் யார், தூசை உறிஞ்சும் இயந்திரம் அவருக்கு இருந்ததா என்று கேட்போம். வீட்டில் பிள்ளைக்கும் இரண்டு விதிகள் சொல்வோம். கல்லை ஒருபோதும் உலர்வாக அறுக்கவோ தேய்க்கவோ கூடாது, எப்போதும் நீரோடுதான். உருளையில் மிஞ்சும் சேற்றைக் கழுவுதொட்டியில் கொட்டினால் குழாய்க்குள் சிமென்ட் போல் இறுகிவிடும்; காய்ந்தால் தூசாகப் பறக்கும். ஈரமாக இருக்கும்போதே பழைய வாளியில் சேர்த்து, பையில் இறுகக் கட்டி அப்புறப்படுத்த வேண்டும். பிஸ்கட் டப்பாவை அலமாரியில் அவனுக்கென ஒரு தட்டில் வைத்துக்கொள்ளட்டும்.