தூரத்துக்கு யார் சான்று?

மும்பை தாராவியில் விடியும் முன்பே அவிக்கப்படும் இட்லிகள், அலுமினியப் பாத்திரங்களில் மிதிவண்டி ஏறி மாட்டுங்கா, செம்பூர் வரை போகின்றன. ரப்பர் ஹாரனை அழுத்தியபடி தெருத்தெருவாக மிதிப்பவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். மின்சார மிதிவண்டியால் யாருக்குப் பயன் என்று கேட்டால், உடற்பயிற்சிக்காக மிதிப்பவர்களைவிட இவர்களே முதலில் நினைவுக்கு வர வேண்டும்.

ஆனால், "ஒருமுறை சார்ஜ் செய்தால் 60 கிலோமீட்டர்" என்கிற ரீதியிலான விளம்பரங்கள் இவர்களை மனதில் வைத்து எழுதப்படுவதில்லை. எடை குறைந்த ஒருவர், சமதளத்தில், நிற்காமல், தானும் மிதித்தபடி செல்லும்போது கிடைக்கும் தூரம் அது. 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி பேட்டரியின் இருப்பு 360 வாட்-மணி. கிலோமீட்டருக்கு 6 வாட்-மணி செலவானால் 60 கி.மீ. போகலாம், 15 வாட்-மணி செலவானால் 24 கி.மீ.தான். ஆள், வண்டி, சுமை சேர்ந்த 130 கிலோவை நின்ற நிலையிலிருந்து 20 கி.மீ. வேகத்துக்குக் கொண்டுவர மட்டும் அரை வாட்-மணிக்கு மேல் வேண்டும். அதில் பாதி வெப்பமாக வீணானால், 50 இடங்களில் நின்று கிளம்புவதற்கே பேட்டரியின் ஆறில் ஒரு பங்கு தீர்ந்துவிடும்.

வீணாவதும் மிகையான கணக்கல்ல. விலை குறைந்த வண்டிகளில் சக்கரத்தின் நடுவே பொருத்தப்படும் 'ஹப்' மோட்டார், உரிய வேகத்தில் ஓடும்போது 80 சதவீதத் திறனைத் தொடும். சுமையோடு நடைவேகத்தில் ஊர்ந்தால் அத்திறன் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். இட்லி வியாபாரியின் காலைப்பொழுது முழுவதும் அந்த நடைவேகம்தான். மிதிகட்டை அருகே பொருத்தப்படும் மோட்டார் வண்டியின் கியரைப் பயன்படுத்திக்கொள்வதால் இதைச் சமாளிக்கும். அதன் விலை தாராவிக்கு எட்டாது என்பது வேறு விஷயம்.

இனி சட்டத்தைப் பார்ப்போம். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன்படி, 30 நிமிடத் திறன் 250 வாட்டுக்கும் வேகம் 25 கிலோமீட்டருக்கும் குறைவாகவும், பேட்டரி நீங்கலான எடை 60 கிலோவுக்கு மிகாமலும் இருப்பதாகச் சோதனை நிறுவனம் சான்றளித்தால் அது மோட்டார் வாகனமல்ல. பதிவும் ஓட்டுநர் உரிமமும் வேண்டாம். பிரேக்கும் பிரதிபலிப்பானும்கூடச் சரிபார்க்கப்படுகின்றன. தூரத்தைப் பற்றி மட்டும் பேச்சே இல்லை.

மத்திய அரசுக்கு இது தெரியாததல்ல. 2019 முதல் 2024 மார்ச் வரை நடைமுறையில் இருந்த ஃபேம்-2 திட்டத்தில், மானியம் பெறும் மின்சார ஸ்கூட்டர் குறைந்தது 80 கி.மீ. ஓட வேண்டும், 100 கிலோமீட்டருக்கு 7 யூனிட்டுக்கு மேல் செலவழிக்கக் கூடாது என்று நிபந்தனை விதித்தது. 40 கி.மீ. வேகத்தை எட்டாத வண்டிகளுக்கு அத்திட்டத்தில் இடமில்லை. இதனால் மிதிவண்டி வாங்கும் ஏழைக்கு மானியமும் இல்லை, அளவுகோலும் இல்லை. வண்டிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி. சில ஆண்டுகளில் பேட்டரியைத் தனியே மாற்றப்போனால் 18 சதவீதம். வாக்களித்த தூரம் குறையக் குறைய அந்த நாளும் சீக்கிரம் வந்துவிடும்.

ஜெர்மனியில் மிதிவண்டித் தொழில்துறையினரே 2018-இல் 'ஆர்-200' என்ற பொதுச் சோதனை முறையை வகுத்துக்கொண்டனர். மிதிப்பவர் தரும் ஆற்றலைப்போல் இருமடங்கை மோட்டார் தரும்போது வண்டி எவ்வளவு தூரம் ஓடுகிறது என்பதை எல்லா நிறுவனங்களும் ஒரேபோல் அளக்கலாம். இங்கே சுமையையும், நின்று கிளம்புவதையும் சேர்த்து அளந்து, கிடைக்கும் தூரத்தைச் சான்றிதழிலும் வண்டியின் மீதும் அச்சிடச் சொல்வதற்குப் புதிய மசோதா எதுவும் தேவையில்லை. விதியைத் திருத்தி அரசிதழில் அறிவிக்கை வெளியிட்டு, பின்னர் இரு அவைகளிலும் வைத்தால் போதும். தாராவியும் மாட்டுங்காவும் செம்பூரும் மும்பை தென்மத்தி என்ற ஒரே மக்களவைத் தொகுதியில்தான் இருக்கின்றன. சாலைப் போக்குவரத்துத் துறை அமைச்சரிடம் இதைக் கேட்க அத்தொகுதியின் உறுப்பினருக்குக் கேள்வி நேரம் இருக்கிறது.