பசறை வீதி, எல்ல

எல்ல நகரில் பசறை வீதி என்று ஒரு வீதி இருக்கிறது. சின்னச் சிவனொளிபாத மலைக்கு ஏறப் போகிறவர்கள் அதில்தான் திரும்புவார்கள். விடுதிகள், கோப்பிக் கடைகள், மலையைப் பார்த்துக் கட்டிய பால்கனிகள் என்று அந்த வீதி களைகட்டியிருக்கும். அங்கே தங்கவரும் வெள்ளைக்காரருக்குப் பசறை என்றால் அறை பதிவுசெய்த கடதாசியிலுள்ள ஒரு விலாசம். அதே வீதியால் பல்லக்கெட்டுவை, நமுனுகுலை என்று விடாமல் போனால் அந்தப் பெயரில் நிஜமாகவே ஒரு தேயிலைத் தோட்டத்து ஊர் வரும் என்பது அவருக்குத் தெரியாது.

பசறைக்கு எல்லயைத் தெரியும். அளவுக்கு மீறியே தெரியும். பஸ் நிலையம், சலூன், கோயில் கூட்டம், தேர்தல் மேடை, எங்கே போனாலும் ஒரே பல்லவிதான். "எல்லயப் பாருங்கண்ணே. முன்ன அங்க என்னா இருந்திச்சு? இப்ப டொலர் புழங்குது. நம்மகிட்ட இல்லாத மலையா? நாலு வெள்ளக்காரன் வந்தாப் போதும், லயத்துக்கு விடிஞ்சிரும்." சொல்கிறவர்களில் படித்த பிள்ளைகள் உண்டு, ஆசிரியர்கள் உண்டு. நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனாலும் இது பொய் நம்பிக்கை. நம்மை இன்னும் ஒரு தலைமுறைக்குக் காத்திருக்க வைக்கிற நம்பிக்கை.

மலையில் குறை ஒன்றுமில்லை. நமுனுகுலை 2,036 மீற்றர். மடுல்சீமைக்கு அப்பால் 'சின்ன உலக முடிவு' என்று பெயர் வைத்த மலை விளிம்பில் கூடாரம் அடிக்க இப்போதே ஆட்கள் வருகிறார்கள். எல்லயில் காசு புழங்குவதும் உண்மை. அந்தக் காசு யார் கைக்குப் போயிற்று என்றுதான் நாம் கேட்பதில்லை.

எல்லயில் ஆரம்பத்தில் அறை வாடகைக்கு விட்டவர்கள் எல்லோரும் பெரிய முதலாளிகளா? வீட்டு முன்னறைக்கு வெள்ளையடித்து, பின்னால் ஒரு குளியலறை கட்டி, வாசலில் 'ரூம்ஸ்' என்று பலகை தொங்கவிட்ட கிராமத்துச் சிங்களக் குடும்பங்களும் அவர்களில் உண்டு. அவர்களுடைய முதல் என்ன? மலைக்காட்சி என்கிறோம். மலைக்காட்சி லயத்து வாசலிலிருந்தும் தெரிகிறது, சில இடங்களில் இன்னும் நன்றாகவே தெரிகிறது. அவர்கள் கையில் காணி உறுதி இருந்தது. உறுதியை வங்கியில் வைத்துக் கடன் எடுக்கலாம். மாடி எழுப்பலாம். விலை ஏறினால் விற்கலாம், ஏறாவிட்டால் குத்தகைக்கு விட்டுவிட்டுச் சும்மா இருக்கலாம். மலை எல்லோருக்கும் பொது, உறுதி அவர்களுக்கு மட்டும்.

இனி நம் பக்கம். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயக் காம்பரா யாருடையது? 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசாங்கத்துக்குப் போயின. 1992இல் முகாமைத்துவம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் வந்தது, காணி நீண்டகாலக் குத்தகையில் போயிற்று. இத்தனை கைமாற்றத்திலும் அந்த மண்ணில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தவரின் பெயர் எந்தக் கடதாசியிலும் ஏறவில்லை. ஏறவும் வழியில்லை, 1948இல் குடியுரிமையையே பறித்திருந்தார்கள். அந்தக் கணக்கைத் தீர்க்க 2003இல் ஒரு சட்டம் வரவேண்டியிருந்தது. குடும்பத்துக்கு ஏழு பேர்ச் காணி தருவோம் என்ற பேச்சைக் கேட்டுக் காதும் புளித்துவிட்டது. இந்திய உதவியிலும் மற்றத் திட்டங்களிலும் அங்குமிங்கும் வீடுகள் எழும்பியிருப்பது மெய்தான். மிச்சப்பேர் இன்னும் லயத்தில். பக்கத்தில் ஒரு குசினி இறக்கவும் தோட்டத்துத் துரையின் அனுமதி வேண்டும். இவர் எங்கே போய் 'ஹோம் ஸ்டே' நடத்துவது? ஸ்டே இருக்கிறது, ஹோம்தான் இல்லை.

இன்னொரு கூத்தும் இருக்கிறது. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டுக்காரர் இங்கே காணி வாங்க முடியாது. நல்ல சட்டம்தான். ஆனால் 99 வருடம் வரை குத்தகைக்கு எடுக்கலாம். மலையைப் பார்த்து மயங்கி, விடுமுறைக்கு வந்துபோக ஒரு வீடு வேண்டும் என்று நினைக்கிற அந்நியருக்கு எழுத்தில் 99 வருடம் கிடைக்கும். அதே மலையில் கவ்வாத்து வெட்டிக் கூன் விழுந்தவருக்கு ஒரு வருடமும் எழுத்தில் இல்லை.

நம்மைவிட வலுவுள்ளவர்களே மூச்சுத்திணறும் ஊர்களும் உண்டு. ஸ்பெயினில் பெனிடோர்ம் 1950கள் வரை ஒரு மீன்பிடிக் கிராமம். இன்று மத்தியதரைக் கடலோரம் வானளாவி நிற்கும் விடுமுறை மாடிகளுக்குப் பேர்போன நகரம். அந்த வழியில் ஓடிய நாடு எங்கே வந்து நிற்கிறது? 2024 ஜூலையில் பார்சிலோனாவாசிகள் உணவகங்களில் இருந்த பயணிகள் மீது விளையாட்டுத் துப்பாக்கியால் தண்ணீர் பீய்ச்சி, வீட்டுக்குப் போங்கள் என்றார்கள். அந்த நகரசபை 10,101 சுற்றுலாக் குடியிருப்புகளின் அனுமதியை 2028க்குள் முடித்துவிடப்போவதாக அறிவித்தது. பிறந்த ஊரில் வாடகைக்கு வீடு கிடைக்கவில்லை என்பதுதான் அவர்களுடைய ஆத்திரம். வாக்கும் வலுவான நகரசபையும் உள்ளவர்களின் கதி இது.

"வேலையாவது கெடைக்குமே சார்" என்பார்கள். கிடைக்கும். ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்துக்காக வருடக்கணக்கில் தொண்டை வறண்டு, 2021இல்தான் அதைக் கண்டவர்கள் நாங்கள். 2024இல் அது 1,350 ஆயிற்று. பெட்டி தூக்கினால் கிடைக்கும் சந்தோசக் காசு சில நாளில் அதைத் தாண்டிவிடும். எல்லயில் பாத்திரம் கழுவப் போகிற பையனை நான் குறைசொல்ல மாட்டேன். கொழுந்துக் கூடையைத்தான் கட்டிக்கொண்டு அழு என்று சொல்லவும் மாட்டேன். 2021இல் இரசாயன உரத்தைத் தடைசெய்தபோது கூடையும் கைவிட்டதே. ஆனால் அந்த வேலை எத்தனை நாளைக்கு? 2018இல் நாட்டுக்கு 23 இலட்சம் பயணிகள் வந்தார்கள். 2019 ஏப்ரலில் குண்டு வெடித்தது, பிறகு கொரோனா. 2021இல் வந்தவர்கள் 2 இலட்சம்கூட இல்லை. விடுதிக்காரர்களுக்குக் கடன் தவணையை ஒத்திவைத்தார்கள். பெட்டி தூக்கிய பையனுக்கு எதை ஒத்திவைப்பது? பசியையா? முதலாளிக்குக் கட்டடமும் காணியும் மிஞ்சின. பையன் லயத்துக்குத் திரும்பினான்.

சுற்றுலா வந்தால் பாதை நல்லாகும் என்பது இன்னொரு வாதம். இதைக் கேட்டால்தான் எனக்குக் கோபம் தலைக்கேறும். 2021 மார்ச் 20ஆம் திகதி, லுணுகலையிலிருந்து கொழும்புக்குப் போன பஸ் பசறை 13ஆம் கட்டையில் பள்ளத்தில் விழுந்து பத்துக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். ஒரு பாதையைத் திருத்த அந்த உயிர்கள் போதாதா? வெள்ளைக்காரனின் வான் வந்தால்தான் தார் உருகுமா?

மலை வெறும் காட்சி இல்லை, இறங்கியும் வரும். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களின் மேல் இறங்கியது. அந்த இடம் ஆபத்தானது என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். போ என்று சொன்னவர்கள் எங்கே போவது என்று காட்டவில்லை. 2025 நவம்பரில் டித்வா புயலோடு பதுளை மாவட்டம் மறுபடியும் மண்ணை வாரிச் சுமந்தது. பயணி மழைக்கு அறையை இரத்துச்செய்துவிட்டுக் கடற்கரைக்குப் போகலாம். லயத்துக்காரர் பாடசாலைக் கட்டடத்தில் பாய் விரிக்க வேண்டும்.

சுற்றுலாவை எதிர்த்து நான் கொடி பிடிக்கவில்லை. வரட்டும், தேத்தண்ணி குடிக்கட்டும், கூடையை மாட்டிக்கொண்டு படமும் எடுக்கட்டும். அடுத்த தேர்தலுக்கு மேடையேறி, பசறையை இன்னொரு எல்லயாக்குவேன் என்பவரிடம் ஒன்றை மட்டும் கேளுங்கள்: உறுதி எப்போது, யார் பெயரில், எத்தனை பேர்ச்? அதற்குப் பதில் வராதவரை அவர் விற்பது நம்மை. படத்தில் தேயிலைக்கு நடுவே புள்ளியாக நிற்போமே, அந்த நம்மை.

எனக்குத் தெரிந்த தம்பி ஒருவன் பசறைத் தோட்டமொன்றில் பிறந்தவன். எல்லயில் பசறை வீதி விடுதி ஒன்றில் வேலை. லயத்துக் காம்பராவுக்கு இலக்கம் கிடையாது, கடிதமெல்லாம் தோட்டத்துக் கந்தோருக்குத்தான் வரும், யாராவது எடுத்துக் கொடுத்தால் உண்டு. ஒரு நேர்முகத் தேர்வுக் கடிதம் திகதி கடந்த பிறகு கைக்கு வந்ததிலிருந்து அவன் வங்கிக்கும் மற்ற எல்லாவற்றுக்கும் விடுதியின் விலாசத்தைத்தான் கொடுக்கிறான். "இப்ப கடுதாசி எல்லாம் ஒழுங்கா வருதுண்ணே" என்றான்.