தூரம் ஒன்று, நேரம் வேறு

பாடசாலைத் தேசப்படத்தில் பலாலிக்கும் சென்னை மீனம்பாக்கத்துக்கும் இடையே அடிமட்டத்தை வைத்து அளந்து பாருங்கள். ஏறக்குறைய 355 கிலோமீற்றர் வரும். சென்னை எமக்கு நேர் வடக்கே இருக்கிறது. இனிப் பலாலியிலிருந்து கட்டுநாயக்காவுக்கு ஒரு கோடு இழுங்கள். அது 290 கிலோமீற்றர், நேர் தெற்கே.

கரவெட்டியாரின் நெடுநாளைய வில்லங்கத்தை இவ்விரு கோடுகளே சொல்லிவிடும். சென்னைக்கு விமானமேற விரும்பியவர் முதலிற் சென்னைக்கு முதுகைக் காட்டி, நெல்லியடியில் இரவு பஸ்ஸேறி, வீதிவழியே நானூறு கிலோமீற்றரை அண்டிய தூரம் தெற்கே போகவேண்டியிருந்தது. வைகறையில் இறங்கி, விமான நிலையத்திற் சில மணி நேரம் காத்திருந்து, பின்னர் 645 கிலோமீற்றர் வடக்கே பறக்க வேண்டும். பறப்பு ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். வீட்டுப் படலையைச் சாத்திய வேளையிலிருந்து கணக்கிட்டாலோ அரை நாளுக்கும் மேல். சத்திரசிகிச்சைக்குச் செல்லும் முதியவருக்கு அந்த இரவுப் பயணமே ஒரு தனி நோய்.

இத்தனைக்கும் வடக்குவழி புதிதன்று. 1947 டிசெம்பர் 10 இல் எயார் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகவே சென்னைக்குப் போயிற்று. பின்னர் அவ்வழி பல பத்தாண்டுகள் மூடிக்கிடந்தது. 2019 ஒக்டோபரிற் பலாலி சர்வதேச நிலையமாகத் திறக்கப்பட்டு, நவம்பரிற் சென்னைச் சேவை தொடங்கியது. 2020 இற் கொள்ளைநோய் அதை நிறுத்தியது. 2022 டிசெம்பரில் மீண்டும் ஆரம்பமாயிற்று. 2024 செப்டெம்பரில் இண்டிகோ நிறுவனமும் வந்து சேர்ந்தது.

நிற்க. கணக்கிற் கெட்டிக்கார மாணவர் ஒருவர் இங்கே எம்மை மடக்கலாம். இவ்வழியிற் பறக்கும் ஏ.ரீ.ஆர். விமானம் மணிக்கு 500 கிலோமீற்றர் வரை செல்லும். அப்படியாயின் முக்கால் மணி நேரம் போதுமே, அட்டவணையில் ஒன்றேகால் மணி நேரம் என்றிருப்பது ஏன்?

வகுத்தது சரிதான். ஆனால், விமானம் இங்கே நகரத் தொடங்குவது முதல் அங்கே முற்றாக நிற்பது வரை அட்டவணை எண்ணுகிறது. மேலேறும்போதும் கீழிறங்கும்போதும் முழுவேகம் இராது. ஓடுபாதைக்கு நேராக வளைந்து வரவேண்டும். மீனம்பாக்கம் போன்ற நெரிசலான இடத்தில் முன்னால் வருபவை இறங்கும்வரை பொறுக்கவும் நேரும். குறுகிய பயணத்தில் இந்தச் சில்லறை நேரமே பெரும்பங்கைத் தின்றுவிடும். கட்டுநாயக்காவிலிருந்து 8,700 கிலோமீற்றர் தொலைவிலுள்ள இலண்டனுக்குப் போகையில் அது பொருட்டாகத் தெரியாது. அங்கே காற்றே கணக்கைக் குழப்பும்: உயரத்தில் மேற்கிலிருந்து வீசும் காற்று போகும்போது மறிக்கும், திரும்பும்போது தள்ளிவிடும். பிள்ளைகளைப் பார்த்து வந்தவர்கள் திரும்பும் பயணம் விரைவாக முடிந்தது என்பது வெறும் வீட்டு நினைவினால் மட்டுமன்று.

2025 மார்ச்சிற் பலாலியிலிருந்து திருச்சிக்கும் சேவை தொடங்கியது. அடிமட்டத்தை வைத்தால் 185 கிலோமீற்றர்தான். கரவெட்டியிலிருந்து அநுராதபுரத்துக்கு வீதிவழியே போகும் தூரமும் ஏறக்குறைய அவ்வளவே.