ஓபி எரிச்சல்கள்: பேரில்லாத மாத்திரை

ஓபில தினமும் என்னை எரிச்சல்படுத்துற சின்னச் சின்ன விஷயங்கள் பத்தி ஒரு த்ரெட். குமரி மாவட்டத்துல ஒரு அரசு ஆஸ்பத்திரில வேலை பாக்குற சாதாரண எம்பிபிஎஸ் டாக்டர் நான். முதல்ல கொஞ்சம் புலம்பல், அப்புறம் விஷயம்.

1) சில்லறை எரிச்சல்கள். ஸ்டெத்தை நெஞ்சுல வச்சதும் கதை சொல்ல ஆரம்பிக்கிறவங்க. ஒரு கைல பிபி பாக்கும்போது இன்னொரு கைல போனை எடுத்து "ஓபில நிக்கேன், பொறவு கூப்பிடு"ங்கிறவங்க. ராத்திரி பதினோரு மணிக்கு வார்டுல ஸ்பீக்கர்ல ரீல்ஸ் போடுறவங்க. இதெல்லாம் சிரிச்சிட்டுக் கடந்துரலாம்.

2) பொண்டாட்டிகிட்ட கேட்டா மாப்பிள்ளை பதில் சொல்றது. "எத்தனை நாளா வயித்துவலி?" "ரெண்டு நாளாட்டு சாரே"ன்னு அவரு. அண்ணே, வலி யாருக்கு? அவரை வெளிய நிக்க சொல்லிட்டுக் கேட்டா ரெண்டு மாசம்னு வரும். இதுக்கே தனியா ஒரு த்ரெட் போடணும்.

3) ஆனா என் நம்பர் ஒன் எரிச்சல் இதுதான்.
"ஏற்கனவே என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?"
"ஒரு வெள்ளை குளிகை சாரே. வட்டமாட்டு, சின்னது."
பிபி, சுகர், தைராய்டுன்னு மருந்துக்கடைல பாதி மாத்திரை வெள்ளைதான், வட்டம்தான், சின்னதுதான். கேட்டா ஒரு பேப்பர் கவரை நீட்டுவாங்க. உள்ள அட்டைல இருந்து வெட்டின மூணு மாத்திரை இருக்கும். பேரு அச்சடிச்ச பாகம் கடையிலயே தங்கியிருக்கும்.

4) "மாத்திரை பேரு தெரியாட்டி என்ன, டாக்டருக்குத் தெரியாதா?"ன்னு கேப்பீங்க. தெரியாதுங்க. பேரு தெரியாம மேல மருந்து எழுதுனா என்ன ஆகும்னு மூணு உதாரணம் சொல்றேன்.

5) அம்லோடிபின்னு ஒரு பிபி மாத்திரை. அரசு ஆஸ்பத்திரில இலவசமா கிடைக்கும். 2021 ஆகஸ்ட்ல தொடங்குன 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்துல பிபி, சுகர் மாத்திரை வீட்டுக்கே வருது. அதே மருந்து தனியார்ல வேற பிராண்ட் பேர்ல, சிலநேரம் இன்னொரு மருந்தோட சேர்ந்தும் வரும். நிறம் வேற, பேரு வேற. ரெண்டையும் சாப்பிட்டா ஒரே மருந்து ரெண்டு மடங்கு. கால் வீங்கும், எந்திரிச்சா தலை சுத்தும். அப்புறம் கால் வீக்கத்துக்குன்னு மூணாவதா ஒரு மாத்திரை தேடி ஓபிக்கு வருவாங்க.

6) நம்ம ஊர்ல இதய வால்வ் ஆபரேஷனுக்கு திருவனந்தபுரம் ஸ்ரீசித்ராவுக்குப் போறவங்க உண்டு. இந்தியாவுலயே உருவான சித்ரா வால்வை முதல்முதலா மனுஷனுக்குப் பொருத்துனது அங்கதான், 1990 டிசம்பர்ல. இந்த மாதிரி உலோக வால்வ் வச்சவங்க ஆயுசு முழுக்க ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடணும். அது தெரியாம முட்டுவலிக்கு வழக்கமான வலி மாத்திரை எழுதிட்டா வயித்துக்குள்ள ரத்தக்கசிவு வரலாம். பயந்து அதை நிறுத்திட்டாலோ வால்வுல ரத்தம் கட்டி, பக்கவாதம் வரைக்கும் போகலாம்.

7) மெத்தோட்ரெக்சேட். முடக்குவாதத்துக்கும் சொரியாசிஸுக்கும் குடுக்குறது. வாரத்துல ஒரே ஒரு நாள்தான். மத்த மாத்திரையோட ஒரே டப்பால கொட்டி வச்சுட்டு தினமும் சாப்பிட்டா ரத்த அணுக்கள் சரிஞ்சு உயிருக்கே ஆபத்து. உலகம் முழுக்க நடக்குற தப்பு இது. மருந்துத் தவறுகளைக் குறைக்கன்னே உலக சுகாதார நிறுவனம் 2017ல தனி இயக்கம் தொடங்குச்சு.

8) தப்பு நோயாளி மேல மட்டுமா? இல்லவே இல்ல. எங்க ஆளுங்க கையெழுத்து ஊரறிஞ்சது. மருந்து பேரைத் தெளிவா, முடிஞ்சா பெரிய எழுத்துல எழுதணும்னு 2016ல விதியே வந்துச்சு. இன்னும் கோழி கிண்டுன மாதிரி எழுதுறவங்க இருக்காங்க. மூணு மாத்திரை வாங்குனா பேரில்லாத துண்டை வெட்டிக் குடுக்குற கடைக்காரரும் பொறுப்புதான். கூட்டத்துல மாத்திரைக்கு ரெண்டு வார்த்தை விளக்கம் சொல்லாம அனுப்புற ஓபியும் பொறுப்புதான். எழுபது வயசு ஆச்சிக்கு ஆங்கில அட்டையை வாசிக்கத் தெரியலைன்னா அது அவங்க குத்தமா?

9) அதனால, வீட்டுல போன் வச்சிருக்கிற பிள்ளைங்களுக்குத்தான் இந்த வேலை.
- அம்மா அப்பா சாப்பிடுற எல்லா மாத்திரை அட்டையும், பேரு தெரியுற பக்கம், போட்டோ எடுத்து வைங்க. அவங்க போன்லயும் போடுங்க.
- மாத்திரையை அட்டைலயே வைங்க. பேரும் காலாவதி தேதியும் இல்லாத பக்கத்துல இருந்து பிச்சு எடுங்க.
- கடைல துண்டா வெட்டுனா, கவர் மேல மருந்து பேரை எழுதி வாங்குங்க. கேக்குறது உங்க உரிமை.
- வாரம் ஒருநாள் மாத்திரைன்னா, எந்தக் கிழமைன்னு அட்டை மேல தமிழ்லயே எழுதுங்க.
- எந்த டாக்டர்கிட்ட போனாலும் பழைய சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி கூட வரணும். நாட்டுமருந்து சாப்பிட்டாலும் சொல்லுங்க, திட்ட மாட்டோம்.

10) இந்த ஞாயித்துக்கிழமை பத்து நிமிஷம் ஒதுக்கி வீட்டு மாத்திரை டப்பாவைக் கவுத்துப் பாருங்க. பேரு தெரியாத மாத்திரை ஒண்ணு கிடந்தாலும் அதை அப்படியே ஓபிக்கு எடுத்துட்டு வாங்க. அந்த எரிச்சல் எனக்குப் பரவால்ல.